முதுமைக்கான வீடும் மண்ணின் நீரும்

1983ஆம் ஆண்டின் பின்னர் இளம் வயதிற் புலம்பெயர்ந்தோரில் பலர் இன்று ஓய்வூதிய வயதை எட்டிவிட்டனர். எஞ்சிய காலத்தையேனும் பிறந்த மண்ணிற் கழிக்கவேண்டுமென்ற வேட்கையுடன் யாழ். குடாநாட்டில் வீடு கட்டுவோரும் கட்ட எண்ணுவோரும் நம்மிடையே உளர். இவ்வேட்கை நியாயமானதே. ஆயினும், எத்தகைய வீட்டைக் கட்டுகின்றோம் என்பது நமது தனிப்பட்ட விடயமன்று.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையினுள் தேங்கும் மழைநீரே அங்கு கிணற்று நீராகின்றது. வெடிப்புகள் நிறைந்த அப்பாறை, மழைநீரைப் போலவே மலகூடக் குழியின் கழிவையும் விரைந்து உள்வாங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் உட்புகும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் கிணறுகள் பல இவ்வரம்பைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலகூடக் குழிகளுமே இதற்கு முதன்மையான காரணங்கள்.

இந்நிலையில், ஆண்டிற் சில வாரங்களே திறக்கப்படும் மாடி வீடும், மழைநீர் இறங்கவியலாதவாறு சீமெந்தால் மூடிய முற்றமும் யாருக்குப் பயன்படும்? முழங்கால் நோகும் வயதில் மாடிப்படி எதற்கு?

நம் முன்னோரின் நாற்சார் வீடு நடுமுற்றத்தாற் காற்றையும் ஒளியையும் பெற்றது. ஓட்டுக் கூரையும் விறாந்தையும் வெயிலைத் தணித்தன. அவ்வறிவை இன்றைய தேவைக்கேற்ப மீட்டெடுக்கலாம். படிகளற்ற வாயிலும் அகன்ற கதவுகளும் கைபிடியுள்ள குளியலறையும் கொண்ட சிறிய வீடு இருவருக்குப் போதும். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லீற்றர் எனக் கொண்டால், மழை குறைந்த எட்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 4,800 லீற்றரே தேவை. கூரைப் பீலியுடன் இணைத்த 5,000 லீற்றர்த் தொட்டியொன்று மாரி மழையிலேயே நிறைந்துவிடும். மிகுதி நீர் வளவு மண்ணில் இறங்கட்டும். கழிவுத் தொட்டியின் அடியும் பக்கங்களும் கசியாதவாறு பூசப்படல் வேண்டும். அதனை நமது கிணற்றிலிருந்து மட்டுமன்றி, அயலவர் கிணற்றிலிருந்தும் இயன்றளவு தொலைவில் அமைத்தல் வேண்டும்.

நாம் தொலைவில் வாழ்ந்த காலமெல்லாம், போரையும் இடப்பெயர்வையும் தாங்கி அம்மண்ணில் நிலைத்தவர்கள் அந்த அயலவர்களே. நமது முதுமையில் நோய்க்கும் துயருக்கும் ஓடிவரப்போகின்றவர்களும் அவர்களே. அவர்களது குடிநீரைக் கெடுத்து எழுப்பும் மாளிகையில் நாம் எந்த நிம்மதியைக் காணப்போகின்றோம்? அத்திவாரம் வெட்டுமுன் இதனைச் சிந்திப்போமாக.