திருகாணிக்குக் காப்பீடு உண்டு, ஓய்வுக்கு?

கலசப்பாக்கத்தில் மூட்டை தூக்கியே முதுகு போன சேரிக் கூலிக்கு, முதலமைச்சர் காப்பீட்டில் திருகாணி வைத்து முதுகெலும்பை இணைக்கலாம். எலும்பு ஒட்டவோ பல மாதம் ஆகும். அதற்குள் வயிற்றுப்பாட்டுக்காக மறுபடி மூட்டை தூக்கினால் திருகாணி தளரலாம், உடையலாம். மறு அறுவையும் வரலாம்.

நாள்பட்ட இடுப்புவலி எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டியதில்லை. 349 பேரிடம் நடந்து 2005இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தீவிர உடற்பயிற்சி மறுவாழ்வைவிட இணைப்பு அறுவை மேலானது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அந்த மறுவாழ்வு நம் ஊரில் எங்கே?

அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த 1943இல் அமைந்த அடார்க்கர் குழுதான் இ.எஸ்.ஐ.க்கு அடித்தளம். அதில் நோய்க்கால ஊதியம் 70 விழுக்காடு, 91 நாள் வரை. இ.எஸ்.ஐ.யில் சேராத தினக்கூலிக்கு அது கிடையாது. தோழர்களே, ஓய்வுக்கும் கூலி கேட்போம்.