கிராமத்து வீடும் பகல் பதினொரு மணியும்

இங்கிலாந்துக்கு வந்து நாலைந்து வருடம் ஆன நம்மாட்கள் இரண்டு பேர் சந்தித்தால், மூன்றாவது நிமிடம் பேச்சு வீடு வாங்குவதில் வந்து நிற்கும். வாடகைக்குக் கொட்டுகிற காசை மார்ட்கேஜுக்குக் கட்டலாமே என்பார் ஒருவர். டவுனை விட்டுப் பத்து மைல் தள்ளிப் போங்கள், தோட்டத்தோடு தனி வீடு, சுற்றிலும் வயல், சத்தமே இருக்காது என்பார் இன்னொருவர். எல்லாம் சரி. ஆனால் இந்தப் பேச்சு நடக்கும்போது வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் அடுக்களையில் இருப்பார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் கட்சி இதுதான். கிராமத்தில் வீடு வாங்குவது நல்ல விஷயம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர், காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ கிளம்பிப் போகிறவர் இல்லை. பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறாரோ, அவர்.

நாங்கள் இருப்பது சஃபோக் மாவட்டத்தில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்கு வெளியே. ரோஸ் நிறத்தில் பூசிய பழைய வீடுகள், மரச்சட்டம் வெளியே தெரியும் சுவர்கள், நடுவில் ஒரு சர்ச், ஒரு பப். காலண்டர் படம் மாதிரியே இருக்கும். இந்த அமைதியை விரும்பித்தான் வந்தோம், இன்றைக்கும் விரும்புகிறேன். ஆனால் அமைதிக்கும் தனிமைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு டிரைவிங் லைசென்ஸ்.

மிகைப்படுத்தவில்லை. நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே குடிவந்ததில் இருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அப்புறம் தியரி, பிராக்டிகல் இரண்டும் பாஸ் செய்தாக வேண்டும். இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றிக்கொள்ள வழியில்லை. டெஸ்ட் தேதி கிடைக்கவே பல மாதம் ஆகிற இடங்கள் உண்டு. பஸ்ஸில் போகலாமே என்றால், 2025 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு வழிப் பயணத்துக்கு உச்சவரம்பு 3 பவுண்டு என்று வைத்தார்கள். கட்டணம் மலிவுதான், பஸ் வரவேண்டுமே! நாளுக்கு மூன்று தடவை வருகிற ஊர் உண்டு, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வருகிற ஊரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் கிடையவே கிடையாது. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், தெருவிளக்கும் இருக்காது. கணவர் ஏழு மணிக்கு வந்து "என்ன அமைதியான இடம்!" என்று டீ குடிப்பார். அந்த அமைதியை நாள் முழுக்கத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் அது வேறு மாதிரி ஒலிக்கும்.

அப்பா அம்மா வருவார்களே, துணையாக இருக்குமே என்று கூடுதலாக ஒரு பெட்ரூம் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான். வயதான பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் விதியை 2012 ஜூலையில் எவ்வளவு இறுக்கினார்கள் என்பதை முயன்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வருகிற ஆறு மாதத்திலும், தஞ்சாவூர்த் திண்ணையில் நாள் முழுக்க ஆட்களைப் பார்த்துப் பழகிய மாமியார், ஜன்னல் வழியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாயும் அதன் எஜமானரும் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூடுதல் அறையைவிட, நடக்கிற தூரத்தில் ஒரு கடை இருப்பது அவருக்குப் பெரிய உபகாரம்.

அப்படியானால் இந்த அமைதியில் அர்த்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. நம் கிராமத்தில் புதிதாகக் குடிவந்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது யார் வீட்டுப் பிள்ளை. மூன்றாவது கேள்வியை நேரடியாகக் கேட்க மாட்டார்கள், சுற்றி வளைத்து எப்படியாவது தெரிந்துகொள்வார்கள். இங்கே அந்த மூன்றாவது கேள்வி கிடையாது. வானிலை பற்றி மட்டும்தான் பேச்சு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கேள்வி கேட்கவில்லை என்பதால் அவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோமே, அதுதான் தப்பு. இந்த ஊர்க்காரர்கள் தாமாக வந்து கதவைத் தட்ட மாட்டார்கள், தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர்கள் மரியாதை. நாம்தான் போகவேண்டும். வில்லேஜ் ஹாலில் நடக்கும் காபி மார்னிங், கோடையில் நடக்கும் ஃபேட், பாரிஷ் கவுன்சில் கூட்டம், பப்பில் நடக்கும் க்விஸ், எதற்கு வேண்டுமானாலும். பப்புக்குப் போனால் குடிக்க வேண்டும் என்று சட்டமில்லை, ஆரஞ்சு ஜூஸோடு மூன்று மணி நேரம் உட்காரலாம் :-) கிழக்கு ஹாமில் இருக்கும் முருகன் கோயிலுக்கு மாதம் ஒரு தடவை போய் வருகிறோம், சந்தோஷம். பனி கொட்டி ரோடு அடைத்துக்கொண்டால் பால் பாக்கெட் கொண்டுவந்து தருவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

இனி காசு விஷயம். இதை யாரும் சொல்வதில்லை, சொலிசிட்டர் கேட்கும்போதுதான் தெரிகிறது. 2025 ஏப்ரலில் இருந்து அமலில் உள்ள விகிதத்தில், 3,50,000 பவுண்டு வீட்டுக்கு முதன்முதலாக வீடு வாங்குகிறவர் கட்டும் ஸ்டாம்ப் ட்யூட்டி 2,500 பவுண்டு. முதல்முறை இல்லை என்றால் 7,500. ஏற்கனவே இன்னொரு வீடு இருந்து, அதற்கு மேலாக இதையும் வாங்கினால் 25,000.

இதில் "இன்னொரு வீடு" என்பது உலகத்தில் எங்கே இருந்தாலும் கணக்கு. வேளச்சேரி ஃப்ளாட்டும் கணக்கு, அப்பா காலமான பிறகு அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவாக வந்த பூர்வீக வீட்டின் பங்கும் கணக்கு. உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய அரைக்கோடி ரூபாய், அல்லது அதற்கு மேல் என்றால் 5 சதவீதக் கூடுதல் வரி வந்து நிற்கும். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை ஒன்றாகவே பார்ப்பார்கள், ஆகவே மனைவிக்குச் சீராக எழுதிக் கொடுத்த வீடும் சேர்த்தி. பாதிக்கு மிகாத பங்கு கடந்த மூன்று வருடத்துக்குள் வாரிசாக வந்தது என்றால் மட்டும் கூடுதல் வரியில் இருந்து விலக்கு உண்டு. ஆனால் முதல்முறை வாங்குகிறவர் என்ற சலுகை அப்போதும் போய்விடும், பங்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும். ஊரில் பாகப்பிரிவினை செய்யாமல் பத்து வருடமாக இழுத்துக்கொண்டிருப்பதற்கு இங்கே விலை இருக்கிறது. வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே சொலிசிட்டரிடம் இதை உடைத்துச் சொல்லிவிடுங்கள்.

கிராமத்து வீட்டுக்கென்று தனியாகச் சில செலவுகளும் உண்டு. பல ஊர்களில் கேஸ் லைன் கிடையாது. தோட்டத்தில் ஒரு டேங்க், அதில் கெரசின் நிரப்பித்தான் ஹீட்டிங். அரசு அமைப்பு மின்சாரத்துக்கும் கேஸுக்கும் வைக்கும் விலை உச்சவரம்பு இதற்குப் பொருந்தாது. சாக்கடை லைன் இல்லாத வீடுகளில் செப்டிக் டேங்க். அதன் கழிவு நேராக ஓடைக்குப் போனால் 2020 ஜனவரியில் இருந்து அனுமதி இல்லை, மாற்றுவது சொந்தச் செலவு. பழமை அழகில் மயங்கி லிஸ்டட் கட்டடம் வாங்கினால், நம் தாளிப்புப் புகை வெளியே போக அடுக்களைச் சுவரில் ஒரு ஓட்டை போடவும் கவுன்சில் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் கிரிமினல் குற்றம். முந்தைய சொந்தக்காரர் அனுமதியில்லாமல் இடித்துக் கட்டியதைச் சரிசெய்யும் பொறுப்பும் நம் தலையில் விழலாம். லெவல் 3 சர்வேக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

அமைதியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு நம்பிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் லேக்கன்ஹீத் தளத்தின் போர் விமானங்கள் வார நாட்களில் தலைக்கு மேலே போகும். அறுவடைக் காலத்தில் ராத்திரியிலும் மெஷின் ஓடும். குளிர்காலத்தில் சர்க்கரைக்கிழங்கு லாரிகள் வரிசையாகப் போகும். வேலை நாளில் ஒரு தடவை, மழை நாளில் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம்விட நல்ல வழி, அக்டோபர் முதல் மார்ச் வரை அந்த ஊரிலோ பக்கத்திலோ வாடகைக்கு இருந்து பார்ப்பது. கிராமத்தில் வாடகை வீடு கிடைப்பது கஷ்டம்தான், பக்கத்துச் சின்ன டவுனில் கிடைத்தாலும் போதும். வாடகை வீண் என்பார்கள். அவசரப்பட்டு வாங்கி, இரண்டு வருடத்தில் விற்று, மறுபடியும் சொலிசிட்டர், மறுபடியும் ஸ்டாம்ப் ட்யூட்டி என்று கட்டுவதோடு ஒப்பிட்டால் ஆறு மாத வாடகை ஒன்றுமே இல்லை. விற்பவர் அவசரப்படுத்தினாலும் பதற வேண்டாம். இங்கிலாந்தில் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை வாய்வார்த்தை இரண்டு பக்கத்தையும் கட்டாது.

அந்தக் குளிர்காலம் முடியும்போது, பகலில் வீட்டில் இருந்தவரைக் கேளுங்கள். அதற்குள் அவர் கையில் லைசென்ஸ் இருக்கிறதா, பெயர் சொல்லிப் பேச ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இருந்து அவர் சரி என்றால், யோசிக்காமல் வாங்குங்கள். அவர் வேண்டாம் என்றால், எவ்வளவு பெரிய தோட்டமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.