வேகவைத்த விலாவுக்கு மெம்பிஸ் என்ற பெயர் எதற்கு?



கடந்த பள்ளி விடுமுறையில், உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் வீட்டு விருந்துக்குச் சென்றிருந்தேன். "இன்றைக்கு மெம்பிஸ் பார்பெக்யூ ரிப்ஸ், சார்! அமெரிக்காவுக்குப் போனால்தான் கிடைக்கும்" என்று பெருமையோடு வரவேற்றார். சமையலறையை எட்டிப் பார்த்தேன். பன்றி விலா பிரஷர் குக்கரில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதை வெளியே எடுத்து, புட்டியிலிருந்த இனிப்புச் சாஸை வழிய வழியப் பூசி, கரியடுப்பில் பத்து நிமிடம் புரட்டினார். கறி எலும்பிலிருந்து தானாகவே கழன்று விழுந்தது. "பார்த்தீர்களா பக்குவத்தை!" என்றார்.

விருந்தோம்பலைக் குறை கூறுவது பண்பன்று. ஆகவே உண்டேன்; நன்றி கூறினேன்; வந்துவிட்டேன். ஆயினும் உண்மையை உண்மையென்று சொல்லத்தானே வேண்டும்? அந்தத் தட்டில் இருந்தது மெம்பிஸ் விலா அன்று. பார்பெக்யூவே அன்று. அது நீரில் வேகவைத்து, இனிப்புப் பூச்சிட்ட இறைச்சி.

இதை எழுதும் நானும் பல ஆண்டுகள் இதே தவற்றைச் செய்தவன்தான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில், நீரில் வேகவைப்பதால் நேர்வது என்ன? விலா எலும்பைச் சுற்றியுள்ள தசை, இணைப்புத் திசு நிறைந்தது. அத்திசுவில் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மெல்லிய வெப்பத்தில் நீண்ட நேரம் இருந்தால் உருகி, வழவழப்பான ஜெலட்டினாக மாறுகிறது. கடினமான கறி மென்மையாவது இவ்வாறுதான். நீரில் கொதிக்க வைத்தாலும் இம்மாற்றம் நிகழும், மறுக்கவில்லை. ஆனால், கறியின் சாரம் எங்கே போகிறது? குக்கரில் இருக்கும் நீருக்குப் போகிறது. அந்த நீரைக் கீழே கொட்டுகிறோம்! சுவையைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, வெறுங்கறியின்மீது சாஸைப் பூசுகிறோம். சூப்பு வைப்பதாயின் இது நல்ல முறை. வாட்டுவதற்கு இது முறையன்று.

அடுத்து, "எலும்பிலிருந்து கழன்று விழுவதே பக்குவம்" என்னும் நம்பிக்கை. அமெரிக்காவில் நடைபெறும் பார்பெக்யூ போட்டிகளில், கழன்று விழும் விலா மிகையாக வெந்தது எனக் கருதப்படுகிறது. கடித்தால் கடித்த இடம் மட்டும் சுத்தமாகப் பிரிந்து வரவேண்டும். பல் பதிந்த வடிவம் கறியில் தெரியவேண்டும். குழைந்த சோற்றைப் பதமான சோறு என்று நம் வீட்டில் யாரேனும் பாராட்டுவார்களா?

மூன்றாவதாக, பெயர். எனக்குப் பெரிதும் வலிப்பது இதுதான்.

டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரம் "உலர்" விலாவுக்குப் பெயர் பெற்றது. அங்கே கிரேக்க வழிவந்த சார்லி வெர்கோஸ் 1948-இல் ஒரு நிலவறையில் தொடங்கிய ரென்டெவூ என்னும் உணவகம் அதற்குப் பெரும்புகழ் சேர்த்தது. கரிநெருப்பின்மேல் விலாவை வாட்டி, வினிகர் கலந்த நீரைத் தடவி, மேலே பொடியைத் தூவித் தருகிறார்கள். மிளகாய், மிளகு, பூண்டு முதலியன சேர்ந்த பொடி அது. இனிப்புச் சாஸ் வழியும் விலாவை அந்த ஊரின் உலர் விலா என்பது, ரசத்தைக் காட்டிச் சாம்பார் என்பது போலாகும்.

அப்படியானால் அந்தக் கெட்டியான இனிப்புச் சாஸ் யாருடையது? அது கன்சாஸ் சிட்டியின் அடையாளமாக இன்று அறியப்படுகிறது. ஆனால் அந்நகரின் பார்பெக்யூ தந்தை எனப் போற்றப்படும் ஹென்றி பேரியின் சாஸ் இனிப்பானதன்று; காரமானது. மெம்பிஸை அடுத்த பகுதியில் பிறந்த கறுப்பினத்தவரான அவர், 1907-இல் கன்சாஸ் சிட்டிக்கு வந்து, புகையில் வாட்டிய இறைச்சியைச் செய்தித்தாளில் பொதிந்து விற்றார். 1940-இல் அவர் மறைந்தபின் அக்கடை பிரயன்ட் சகோதரர்களின் கைக்கு வந்தது. பேரங்காடிப் புட்டிகளில் இனிப்புச் சாஸைப் பரவச் செய்தவர்களுள் முக்கியமானவர் ரிச் டேவிஸ் என்னும் குழந்தை மனநல மருத்துவர். அவர் தம் சாஸை உருவாக்கியது 1977-இல்தான்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில், குழி வெட்டி, விறகை எரித்துத் தணலாக்கி, இரவெல்லாம் கண்விழித்து இறைச்சியை வாட்டியவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். விருந்துண்டவர்கள் வேறு. ஏட்ரியன் மில்லர் 2021-இல் வெளியிட்ட 'பிளாக் ஸ்மோக்' என்னும் நூல், மறைந்துபோன அப்பெயர்களை மீட்கவே எழுதப்பட்டது. உழைத்தவன் பெயர் மறைந்து, புட்டியின் பெயர் மட்டும் நிலைப்பது என்ன நீதி? தோட்டத்தில் உழைத்து, பெயரின்றி மறைந்த முன்னோரின் வழிவந்த நமக்கு இந்த வலி புரியாதா?

"எங்களிடம் அந்த அடுப்பு இல்லையே, ஐயா" என்பீர்கள். தேவையும் இல்லை. மூடியுள்ள சாதாரணக் கரியடுப்பு போதும்.

1. விலாவின் எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்து எடுங்கள். கைநழுவினால் துணியால் பற்றி இழுங்கள்.
2. உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், பூண்டுத்தூள், சிறிது பழுப்புச் சர்க்கரை கலந்து தடவுங்கள்.
3. தணலை ஒரு பக்கம் மட்டும் ஒதுக்குங்கள். விலாவை மறுபக்கம் வையுங்கள். அதன் கீழே ஒரு தட்டில் நீர் இருக்கட்டும். நம் பேராக் மாநிலத்துக் கோலா செப்பெத்தாங்கில் சுடும் சதுப்புநிலக் காட்டுக் கரி நீண்டநேரம் நின்று எரியும்.
4. உள்வெப்பம் 110 முதல் 120 பாகை செல்சியஸ் இருக்குமாறு மூடியின் துளைகளைக் கொண்டு கட்டுப்படுத்துங்கள். ஐந்து மணி நேரம் பொறுங்கள். அடிக்கடி மூடியைத் திறக்காதீர்கள்.
5. இடுக்கியால் நடுவில் தூக்கினால் விலா வளைந்து, மேற்பரப்பு வெடிப்பு விடவேண்டும். அதுவே பதம்.

பன்றி உண்ணாதவர்கள் வருந்த வேண்டா. கென்டக்கி மாநிலத்து ஓவன்ஸ்போரோ நகரம் ஆட்டிறைச்சிப் பார்பெக்யூவுக்கே புகழ்பெற்றது!

"ஐந்து மணி நேரமா?" என்று மலைக்கிறீர்களா? நேரமில்லையெனில் குக்கரிலேயே வையுங்கள். குற்றமில்லை. பிள்ளைகள் மகிழ்ந்து உண்பார்கள். ஆனால் அதற்கு அதன் பெயரையே சொல்லுங்கள். வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் பார்த்தெழுதும் மாணவனுக்கு நாம் முழு மதிப்பெண் தருகிறோமா? வகுப்பறையில் ஏற்காத ஒன்றை அடுக்களையில் மட்டும் ஏன் ஏற்கவேண்டும்?

ஊர்ப்பெயர் என்பது உழைத்தவர்களின் கையொப்பம். அதைக் கேளாமல் எடுத்து ஒட்டவேண்டா.

சிந்திப்போம். அடுத்த விடுமுறையில் அந்த நண்பரை என் வீட்டிற்கு அழைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். தணல் மூட்ட ஆள் வேண்டும்.