கண்டியை ஆண்ட மச்சினன்மாரும் வேலூருக்கு வந்த ரங்கம்மாளும்



எங்கள் பள்ளிகொண்டாவில் இப்போது வீட்டுக்கு வீடு கொரியா தேசத்துத் தொடர்தான். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள், விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே செல்போனில் அதைத் திறந்துவிடுகிறார்கள். தமிழிலேயே பேசுவதால் நானும் ஒன்றிரண்டு பார்த்தேன். எனக்கு வேடிக்கையாக இருந்தது எது தெரியுமா? ராஜாவுக்குப் பெண் தேடும்போது மூக்கும் முழியும் பார்ப்பதைவிட, பெண்ணுக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர், சித்தப்பன் பெரியப்பன் யார் யார் என்றுதான் துருவித் துருவிப் பார்க்கிறார்கள்.

இது வெறும் கதை இல்லை. 1866இல் கொரியாவின் கோஜோங் ராஜாவுக்கு அவருடைய தகப்பனார் மின் குலத்துப் பெண்ணைத் தேர்ந்தெடுத்ததே, அவள் தகப்பன் இல்லாத பெண், சம்பந்தி வீட்டுத் தொந்தரவு இருக்காது என்பதற்காகத்தான். கடைசியில் அந்த மருமகளே தன் குலத்து ஆட்களை உத்தியோகங்களில் உட்கார்த்தி மாமனாரோடு மல்லுக்கு நின்றாள். 1895இல் ஜப்பான்காரர்கள் அரண்மனைக்குள்ளேயே புகுந்து அவளைக் கொன்றுபோட்டார்கள்.

"அத்தே, நம்ம பக்கம் இந்த மாதிரி ராணி யாரும் இல்லையா?" என்று என் மருமகள் கேட்டாள். ஏன் இல்லை? வெகுதூரம் போக வேண்டாம், வேலூர்க் கோட்டைக்குள்ளேயே ஒருத்தி இருந்தாள். கண்டி ராஜ்யத்தின் கடைசி ராணி, வேங்கட ரங்கம்மாள். அவளைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன்.

கண்டி ராணிக்கு வேலூரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இலங்கையின் மலைநாட்டில் இருந்த கண்டி ராஜ்யத்தில் ஒரு வழக்கம். பட்டத்து ராணி சூரிய குலத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். அங்கே உள்ளூர்ப் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் எவ்வளவு பெரிய இடமானாலும் அந்தத் தகுதி இல்லை. ஆகையால் நம் மதுரைப் பக்கத்து நாயக்கர் வீடுகளில் பெண் எடுத்தார்கள். பெண் தனியாகவா போவாள்? அப்பா, அண்ணன், தம்பி, அத்தை, சித்தி என்று குடும்பமே கப்பலேறியது. கண்டியில் அவர்கள் குடியிருக்கத் தனித் தெருவே உண்டாயிற்று. இன்றைக்கும் அங்கே மலபார் வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. வீட்டுக்குள்ளே தெலுங்கு, வெளியே தமிழ். நம் குடியாத்தம் பக்கத்தில் இன்றும் எத்தனையோ வீடுகளில் அப்படித்தானே!

1739இல் நரேந்திரசிங்கன் என்ற கண்டி ராஜா இறந்தார். பட்டத்து ராணிக்குப் பிள்ளை இல்லை. இன்னொரு மனைவிக்குப் பிறந்த மகன் இருந்தான், உனம்புவே என்று பெயர். ஆனால் அவன் அம்மா உள்ளூர்ப் பெண், ராஜ குலம் இல்லை. ஆகவே அந்தப் பிள்ளையை ஒதுக்கிவிட்டு யாரைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள் என்கிறீர்கள்? ராணியின் தம்பியை! அதாவது செத்துப்போன ராஜாவின் மச்சினனை. பெற்ற மகனுக்கு இல்லை, மச்சினனுக்கு உண்டு. எல்லாம் அம்மா எந்த வீட்டுப் பெண் என்பதைப் பொறுத்தது.

அந்த மச்சினன், ஸ்ரீ விஜய ராஜசிங்கன், எட்டு வருஷம் ஆண்டார். அவருக்கும் பிள்ளை இல்லை. 1747இல் அவருடைய மனைவியின் தம்பி பட்டத்துக்கு வந்தார். மறுபடியும் மச்சினன்! இவர்தான் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். வீட்டில் சைவர், விபூதி பூசுகிறவர். ஆனாலும் புத்த மதத்துக்கு அவர் செய்தது கொஞ்ச நஞ்சமில்லை. 1753இல் சயாம் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, நின்றுபோயிருந்த சந்நியாச தீட்சையை மறுபடி நடத்தினார். அப்படியும் விபூதி பூசுகிறவன் நமக்கு ராஜாவா என்று 1760இல் அவரைக் கொல்லச் சதி நடந்தது. அதிலிருந்து தப்பி 1782 வரை ஆண்டார். பிறகு அவர் தம்பி ராஜாதி ராஜசிங்கன். அவரும் 1798இல் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

கடைசியாக வந்தவர்தான் நம் ரங்கம்மாளின் கணவர். இயற்பெயர் கண்ணுசாமி. சுப்பம்மா என்கிற அம்மாளின் மகன். காலமான ராஜாவின் ராணிக்கு இந்தச் சுப்பம்மா உடன்பிறந்தவள். பதினெட்டு வயதுப் பையன், நம் பேச்சைக் கேட்பான் என்று முதன் மந்திரியாக இருந்த பிலிமத்தலாவே அவரை உட்கார்த்தி வைத்தார். ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் என்று பட்டம் கட்டினார்கள்.

அதே சமயம் பழைய ராணியின் தம்பி முத்துசாமி, எனக்குத்தான் உரிமை என்று இங்கிலீஷ்காரர்களிடம் போய் நின்றார். 1803இல் அவர்கள் கண்டியைப் பிடித்து அவரை ராஜாவாக்கினார்கள். சில மாதத்திலேயே பட்டாளம் தோற்றது. முத்துசாமி பிடிபட்டுத் தலையைக் கொடுத்தார். எழுபத்தாறு வருஷம் பாருங்கள்! தகராறும் சரி, பட்டமும் சரி, எல்லாம் பெண் கொடுத்த வீட்டு வழியாகவே நடந்திருக்கிறது. ஏடுகளில் அந்த மச்சினன்மார்களின் பட்டப்பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்தப் பெண்களைக் கொண்டு அவர்கள் மச்சினன் ஆனார்களோ, அவர்களை வெறும் 'ராணி' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இது ஆறவில்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பெல்லாம் போட்டு, பெண்ணின் பி.எஸ்ஸி.யை விட்டுவிடுகிற கதைதான்.

ரங்கம்மாள் வாழ்ந்த கண்டி அழகான ஊர். இன்று தலதா மாளிகை வாசலில் நாம் பார்க்கிற எண்கோண மண்டபமும், எதிரே விரிந்து கிடக்கிற ஏரியும் அவள் கணவர் கட்டியவை. அந்தப் புருப்பத்தின் ஓரத்தில் ராணிகள் குளிப்பதற்கென்று கட்டிய மண்டபம் இன்னும் நிற்கிறது. பிற்காலத்தில் அதைப் போலீஸ் சாவடியாக வைத்திருந்தார்கள். ராணி குளித்த இடத்தில் போலீஸ்காரர்! என்னத்தைச் சொல்ல?

ஆனால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ராணியின் கஷ்டத்தை எழுதுகிறேன் என்று ராஜா செய்ததை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எகெலபொல என்கிற பிரதானி இங்கிலீஷ்காரர் பக்கம் ஓடிவிட்டார். அவருடைய மனைவியும் குழந்தைகளும் கண்டியிலேயே மாட்டிக்கொண்டார்கள். 1814ஆம் வருஷம் மே மாதம் ராஜா அந்தக் குழந்தைகளை ஊரார் முன்னால் வெட்டச் செய்தார். பெரிய பையன் பயந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டானாம். சின்னவன் மத்தும பண்டாரா, 'அண்ணா, எப்படிச் சாவது என்று நான் காட்டுகிறேன்' என்கிற மாதிரி முன்னே போய் நின்றானாம். சிங்கள வீடுகளில் அந்தப் பிள்ளையை இன்றும் சொல்லிச் சொல்லி வளர்க்கிறார்கள். அந்தத் தாயைப் பிறகு தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கைக்குழந்தை விஷயத்தில் சொல்லப்படுவதை நான் எழுதப்போவதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

புருஷன் எதிரிப் பக்கம் போனதற்கு மனைவியும் மக்களும் பலி. அரண்மனைக்குள் இருந்த ரங்கம்மாள் காதுக்கு அந்த அழுகை எட்டாமலா இருந்திருக்கும்? ஒன்பது மாதத்தில் அவள் முறை வந்தது.

ஊர் முழுக்க ராஜாவை வெறுத்திருந்த நேரம் பார்த்து, ஜான் டொயிலி என்ற இங்கிலீஷ் அதிகாரி பிரதானிகளை ஒவ்வொருவராக வளைத்துப் போட்டார். 1815 பிப்ரவரியில் பட்டாளம் வந்தபோது சண்டையே பெரிதாக இல்லை. ராஜா ராணிகளோடு மலைக்காட்டுக்குள் ஓடினார். 18ஆம் தேதி மெதமகாநுவர அருகே ஒரு வீட்டில் ஒளிந்திருந்தவர்களை எக்னெலிகொட என்பவரின் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். ராஜாவைக் காட்டுக் கொடியால் கட்டினார்கள். ராணிகளின் நகைகளைப் பிடுங்கினார்கள். கழற்றிக்கொடுக்கக்கூட விடாமல் தோட்டை இழுத்ததில் காது அறுந்து ரத்தம் வழிந்தது என்கிறார்கள். பஸ்ஸில் சங்கிலி அறுபட்டவளைக் கேட்டுப் பாருங்கள், அந்த வலியும் அவமானமும் எத்தனை நாள் போகாது என்று சொல்வாள். மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த டயஸ் என்பவர்தான் ஓடிவந்து கட்டை அவிழ்க்கச் செய்தார்.

மார்ச் 2ஆம் தேதி கண்டியில் ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் ஒரு ஷரத்து நம் விஷயத்துக்கு முக்கியம். ராஜாவுக்கு ரத்த சம்பந்தமோ, கல்யாண சம்பந்தமோ உள்ள ஆண்கள் யாரும் ராஜ்யத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, வைத்தால் தண்டனை. பெண் வீட்டு உறவை எவ்வளவு பயந்திருக்கிறார்கள் பார்த்தீர்களா? அந்தப் பயமும் வீணில்லை. இரண்டு வருஷம் கழித்து ஊவாப் பக்கத்தில் கலகம் வெடித்தபோது, அதன் தலைவன் தன்னை நாயக்கர் குடும்பத்து துரைசாமி என்று சொல்லிக்கொண்டுதான் ஜனங்களைத் திரட்டினான். எகெலபொலவுக்கும் சுகம் கிடைக்கவில்லை. அவரையே சந்தேகப்பட்டு மொரீஷியஸ் தீவுக்கு அனுப்பினார்கள், 1829இல் அங்கேயே இறந்தார்.

1816 ஜனவரி 24ஆம் தேதி கொழும்பில் கார்ன்வாலிஸ் என்ற கப்பலில் ராஜா குடும்பத்தை ஏற்றினார்கள். மதராஸ் வந்து, அங்கிருந்து வேலூர்க் கோட்டை. பெண்ணைக் கொடுத்து அனுப்பிய தமிழ்ச் சீமைக்கே திரும்பி வந்தாள், ஆனால் பிறந்த வீட்டுக்கு இல்லை.

அந்தக் கோட்டைக்கு இதெல்லாம் புதிதில்லை. திப்பு சுல்தான் 1799இல் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளையும் பெண்டுகளையும் இங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 9ஆம் தேதி திப்புவின் மகளுக்கு இங்கே கல்யாணம் நடந்தது, மறுநாள் விடிவதற்குள் சிப்பாய்க் கலகம். அதன் பிறகு பிள்ளைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். பத்து வருஷம் கழித்துக் கண்டிக் குடும்பம் வந்து இறங்கியது. கோட்டைக்குள்ளே இன்றும் கண்டி மகால் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. பக்கத்திலேயே ஜலகண்டேஸ்வரர் கோயில். ஆனால் அந்நாளில் அங்கே பூஜை கிடையாது. மூலவர் மறுபடி உள்ளே வந்ததே 1981இல்தான். கல்யாண மண்டபத்துச் சிற்பத்தை நாமெல்லாம் அண்ணாந்து பார்க்கிறோமே, அதை ரங்கம்மாள் தீபம் எரியாத கோயிலாகத்தான் பார்த்திருப்பாள்.

பதினாறு வருஷம் அப்படிப் போயிற்று. சிறையில் இருக்கும்போதுதான் ராஜாவுக்கு ஒரு மகன் பிறந்தான். சிம்மாசனத்தில் இருந்த நாளில் தங்காத வாரிசு, சிம்மாசனம் போன பிறகு வந்தது! வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தது 1900இல். அதற்கு எத்தனையோ காலம் முந்திய பிரசவம் அது. கோட்டை மதிலுக்குள் மருத்துவச்சியை நம்பித்தான் நடந்திருக்கும்.

ராஜா 1832 ஜனவரி 30இல், ஐம்பத்திரண்டாம் வயதை ஒட்டி, நீர்க்கோவையால் இறந்தார். உடம்பில் நீர் கோத்து வீங்குவதைத்தான் அப்போது அப்படிச் சொன்னார்கள். இதயம், ஈரல், சிறுநீரகம் எது பழுதானாலும் வரும். இங்கே நடுவில் ஒரு வார்த்தை: பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கால் லேசாக வீங்குவது சகஜம்தான். ஆனால் முகமும் கையும் திடுமென்று வீங்கி, தலைவலி, கண் மங்கல் என்று வந்தால், பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். அன்றைக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

அந்த மகனுக்கு ராஜாதி ராஜசிங்கன் என்று பழைய பட்டப்பெயரையே வைத்திருந்தார்கள். அவனும் 1843இல் பிள்ளையில்லாமல் போனான். மிச்சமிருந்த உறவினர்களுக்கு இலங்கை அரசாங்கம் தலைமுறை தலைமுறையாக மானியம் கொடுத்துவந்தது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சிம்மாசனத்தையும் கிரீடத்தையும் 1934இல் திருப்பிக் கொடுத்தார்கள். ராஜாவின் சிங்கக் கொடிதான் இன்று இலங்கைக் கொடியில் இருக்கிறது.

வேலூரில் பாலாற்றங்கரையில், ராஜா குடும்பத்துச் சமாதிகள் இருக்கிற இடத்தில், 1990இல் தமிழ்நாடு அரசு முத்து மண்டபம் கட்டியது. எங்கள் பள்ளிகொண்டாவைத் தாண்டித்தான் பாலாறு அங்கே போகிறது. தண்ணீர் எப்போது வந்தது என்று கேட்காதீர்கள், 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்ததை மட்டும் கண்ணாரப் பார்த்தேன். பெரியாஸ்பத்திரிக்கு வேலூர் வருகிறவர்கள், டாக்டர் சீட்டுக்கு நம்பர் வர நேரமிருந்தால், கோட்டையோடு திரும்பிவிடாமல் ஓர் ஆட்டோ வைத்துக்கொண்டு அங்கேயும் போய்விட்டு வாருங்கள். கூட்டம் இருக்காது.