பொரித் தட்டும் நற்பெயரும்

ஆயுத பூஜை நெருங்கினால் ஆனேக்கல் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பாதி நாளோடு நின்றுவிடும். பொம்மசந்திராவானாலும் சரி, ஜிகணி, அத்திப்பள்ளியானாலும் சரி, காட்சி ஒன்றுதான். இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். வாழைக்கன்று கட்டுவார்கள். வாசலில் பூசணிக்காய் உடைபடும். அப்புறம் தட்டு சுற்றி வரும். பொரி, கடலை, வெல்லம், தேங்காய்ச் சில்லு, ஒரு துண்டு இனிப்பு. லேத் மெஷின் முன்னால் நிற்கும் கிறிஸ்தவத் தொழிலாளியிடமும் அந்தத் தட்டு வரும். கையை நீட்டுவதா, வேண்டாமா?

மற்றவர்களுக்கு அது ஒரு கைப்பிடிப் பொரி. அவருக்கோ இரண்டு பெயர்கள் அந்தத் தட்டில் இருக்கின்றன. மறுத்தால் கூட வேலை செய்கிறவர்கள் மத்தியில் பெயர் கெடும். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள், அவசரத்துக்குப் பணம் கொடுத்து உதவுகிறவர்கள், 'நம் சாமி என்றால் இவருக்கு இளப்பம்' என்று நினைத்துக்கொள்வார்கள். வாங்கிச் சாப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை சபையில் பெயர் கெடும். சாமர்த்தியசாலிகள் சிலர் மூன்றாவது வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வாங்கி, பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவது. புனித பவுல் இந்த வழியை யோசித்ததாகத் தெரியவில்லை. மற்ற இரண்டையும் நன்றாகவே யோசித்திருக்கிறார்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் நற்பெயருக்குத் தனியாக ஒரு சொல் உண்டு: சாட்சி. 'அந்தக் குடும்பத்துக்கு நல்ல சாட்சி' என்றால் ஊரில் மதிப்பு இருக்கிறது என்று பொருள். 'சாட்சி கெட்டுப்போச்சு' என்றால் சபையில் தலைநிமிர முடியாது. மகன் பீடி பிடிப்பதைப் பார்த்துவிட்டாலும், மகள் சினிமாவுக்குப் போனாலும், அப்பா கடன் வாங்கித் திருப்பித் தராவிட்டாலும் கெடுவது இதே சாட்சிதான். நீதிமன்றத்துச் சொல் வீட்டுக்குள் வந்து மானம், மரியாதை என்ற பொருளில் உட்கார்ந்துவிட்டது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், உங்களுக்கு நன்மையாக இருப்பது பிறர் வாயில் பழிச்சொல்லாக மாறவிடாதீர்கள் என்ற கருத்தில் பவுல் ஓரிடத்தில் எச்சரிக்கிறார். பிரசங்கங்களில் அது பெரும்பாலும் 'உன் சாட்சியைக் காப்பாற்றிக்கொள்' என்று சுருங்கிவிடுகிறது. பவுல் சொன்னது அவ்வளவுதானா?

அவருடைய பிரச்சினையும் பிரசாதப் பிரச்சினைதான். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் திரும்பக் கட்டியெழுப்பிய துறைமுக நகரம் கொரிந்து. அங்கே பலியிடப்பட்ட மிருகங்களின் இறைச்சி கடைத்தெருவுக்கும் வரும். கோயில்களை ஒட்டி விருந்து அறைகளும் இருந்தன. வைத்தியக் கடவுளான அஸ்கிலேப்பியஸின் கோயிலருகே மூன்று அறைகளை அகழாய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 11 பேர் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட இடம். பிறந்தநாள், கல்யாணம், தொழில் சங்கக் கூட்டம் எதுவானாலும் விருந்து அங்கேதான். புதிதாகக் கிறிஸ்தவரானவர் போவதா, கூடாதா? படித்தவர்கள், 'விக்கிரகம் என்பது ஒன்றுமே இல்லை, அப்புறம் கறியில் என்ன தோஷம்?' என்றார்கள். மற்றவர்களுக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை.

கி.பி. 54ஐ ஒட்டிப் பவுல் எழுதிய பதில் வியக்கும்படியாக நடைமுறை சார்ந்தது. கடையில் விற்கிறதா? எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். நண்பர் வீட்டுக்கு அழைக்கிறாரா? வைத்ததைச் சாப்பிடுங்கள். பந்தியில் ஒருவர், 'இது படைத்தது' என்று சுட்டிக் காட்டுகிறாரா? அப்போது விட்டுவிடுங்கள், உங்கள் மனசாட்சிக்காக அல்ல, அவருடைய மனசாட்சிக்காக. கோயில் பந்தியில் உட்கார்வது மட்டும் வேண்டாம். ஒரே இறைச்சி. இடமும் பக்கத்தில் இருக்கும் ஆளும் மாறினால் பதிலும் மாறுகிறது.

தமிழ் வேதாகமத்தில் இந்தப் பகுதியைப் படிக்கிறவர்கள் ஒரு சொல்லில் நிற்க வேண்டும். 'உரிமை' என்று நாம் இன்று சொல்லக்கூடிய இடத்தில் பழைய மொழிபெயர்ப்பு 'அதிகாரம்' என்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. தெரிந்து செய்தார்களோ இல்லையோ, மொழிபெயர்த்தவர்கள் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள். எதையும் சாப்பிடலாம் என்று தைரியமாகச் சொல்லக்கூடியவன் கையில் அதிகாரம் இருக்கிறது. அவனைப் பார்த்துத்தான் பவுல் பேசுகிறார். எதிரில் இருப்பவனுக்கு அவர் வைக்கும் பெயர் பலவீனன். கொரிந்துவின் பலவீனர்கள் யார் என்று ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசன், அவர்கள் ஏழைகள் என்கிறார். வசதியுள்ளவனுக்குக் கறி தினசரி உணவு. ஏழைக்குக் கறி கிடைத்ததே திருவிழாவில்தான். அதனால் அவன் நாக்கில் கறியின் ருசியோடு அந்தக் கடவுளும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, இடறல் என்பது நம் பெயருக்கு வரும் ஆபத்தல்ல. நம்மைவிட எளியவன் ஒருவன் நம்மைப் பார்த்துத் தடுமாறி விழுவது. தன் பெயரைப் பற்றிப் பவுல் அவ்வளவு கவலைப்பட்டவர் என்றும் சொல்ல முடியாது. யூதர்களிடம் யூதராகவும் மற்றவர்களிடம் மற்றவராகவும் நடந்துகொண்டார். தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்துவைத்தார், தீத்துவுக்குச் செய்ய மறுத்தார். நிலையில்லாத ஆள் என்று பெயர் எடுக்க இது போதும்.

இன்னொரு சம்பவமும் உண்டு. பிரசங்கங்களில் இது அவ்வளவாக வருவதில்லை. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆசாரமான ஆட்கள் சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல எழுந்து விலகிவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்து நின்றார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே இதைச் சொல்கிறார். பேதுருவும் நல்ல பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டார். விலை கொடுத்தது அவரோடு பந்தியில் இருந்தவர்கள். கறியை விட்டுவிடு என்று சொன்ன அதே மனிதர் பந்தியை விடாதே என்று சண்டை போட்டார்.

இந்த வித்தியாசத்தின் கனம் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த அளவு வேறு இடங்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். 1606இல் மதுரைக்கு வந்து சேர்ந்தார் இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி. அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைக் குரு இருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். மதுரையின் மேல்சாதியார் கிறிஸ்தவத்தைப் 'பரங்கி மார்க்கம்' என்றார்கள். பரங்கி என்றால் மாடு தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன். பெயர் இப்படி இருந்தால் போதனை யார் காதில் ஏறும்? நோபிலி இறைச்சியையும் மதுவையும் விட்டார். காவி உடுத்தார், பாதக்குறடு போட்டுக்கொண்டார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். கிறிஸ்தவரான பிராமணர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம், அவை சமூக அடையாளங்களே என்று வாதாடினார். அவருடைய தமிழ் நூல் ஒன்றின் தலைப்பே 'தூஷண திக்காரம்', அதாவது பழிச்சொற்களுக்கு மறுப்பு. ரோமர் நிருபத்தின் அந்த எச்சரிக்கையை இவ்வளவு முழுமையாக வாழ்ந்து காட்டியவர் இந்தியாவில் வேறு யாரும் இருக்க முடியாது.

பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு கோவா வழியாக ரோமாபுரி வரை போயிற்று. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் 15ஆம் கிரிகோரி, நிபந்தனைகளோடு நோபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார். குலத்தின் பெயரால் எளியவர்களை இகழ வேண்டாம் என்ற வேண்டுகோளும் அதில் இருந்தது.

அந்த வேண்டுகோளுக்கு அவசியம் இருந்தது. பரங்கிப் பெயரைக் கழுவ நோபிலி விட்டது கறியை மட்டுமல்ல. பெர்னாண்டஸின் வீட்டை விட்டும் பரதவர்கள் கும்பிட்ட கோயிலை விட்டும் தள்ளிப்போனார். தனி வீடு, தனிக் கோயில். 1640 முதல் தாழ்த்தப்பட்ட சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் வரிசையும் ஏற்பட்டது. அது அம்மக்களுக்குக் குருவின் சேவை கிடைக்கச் செய்த நல்ல ஏற்பாடு என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரே சபையில் இரண்டு பந்தி போட்ட ஏற்பாடும் அதுவே. கறியை விட்டபோது நோபிலி கொரிந்துவின் பவுல். பெர்னாண்டஸை விட்டுத் தள்ளிப்போனபோது அந்தியோகியாவின் பேதுரு. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நல்ல நோக்கத்தில் நடந்தன.

சீர்திருத்தச் சபைகளும் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. தஞ்சாவூரில் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும், சாதியை விடச் சொன்ன புதிய மிஷனரிகளை 1820களின் இறுதியில் எழுத்தில் எதிர்த்தார்கள். சாதி உலக வழக்கம், அதை விட்டால் உறவினர் மத்தியில் மதிப்புப் போகும் என்பது வாதத்தின் சாரம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். நற்கருணை வாங்கும் வரிசை எது முதல், எது பின் என்பதில் சண்டை மூண்டு, தஞ்சையில் பலர் சபையை விட்டே போனார்கள். 1840களில் மதுரையின் அமெரிக்க மிஷன், தன் ஊழியர்கள் சாதி பாராமல் ஒன்றாகச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது. அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். அன்பை விருந்து வைத்துச் சோதிப்பது எவ்வளவு சரி என்று கேட்கலாம். கேட்டவர்கள் அன்றைக்கே இருந்தார்கள்.

சாப்பிட மறுத்தவர்கள் சொன்னது, 'எங்கள் மனம் ஒப்பவில்லை.' கேட்பதற்குக் கொரிந்துவின் பலவீனனுடைய குரல் போலவே இருக்கும். பலவீனனுக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னது பவுல்தானே? ஆனால் இங்கே மனம் ஒப்பாதவன் கையில் நிலமும் மானமும் பெரிய பெயரும் இருந்தன. சமைத்தவன் கையில் ஒன்றும் இல்லை. பலசாலி பலவீனனின் உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான். இந்த வேஷம் இன்னும் கலையவில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே சாதிவாரியாகக் கல்லறை பிரிந்து கிடக்கும் ஊர்கள் இன்றும் உண்டு.

வேஷத்தின் இன்னொரு வடிவம் பெண்களிடம் நடக்கிறது. ஆனேக்கல் வட்டாரத்துக்குத் தையல் ஆலை வேலைக்கு வரும் பெண்கள் விடுதியில் தங்குகிறார்கள், தாமதமாகத் திரும்புகிறார்கள், சொந்தச் சம்பளத்தில் உடை வாங்குகிறார்கள். எந்த ஊரிலும் சபைகளில் இடறல் என்ற சொல் அதிகம் பாய்வது இப்படிப்பட்ட பெண்கள் மேல்தான். 'அவள் உடை எங்களுக்கு இடறலாக இருக்கிறது' என்று சொல்கிறவர் மூப்பராக இருப்பார், சபைக் கமிட்டியில் இருப்பார், மைக் அவர் கையில் இருக்கும். பவுலின் கணக்கில் அவர் பலவீனனா? தன்னை அடக்கிக்கொள் என்று பவுல் சொன்னது பலசாலியிடம். பலவீனனிடமும் ஒன்று சொன்னார், மற்றவனைத் தீர்ப்புச் செய்யாதே என்று. 14ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது. எதைச் சாப்பிடலாம் என்ற சண்டையில் காய்கறி மட்டும் சாப்பிட்ட ஒரு பிரிவினரும் ரோமாபுரிச் சபையில் இருந்தார்கள் என்பது சைவ ஹோட்டல்களின் நாட்டில் வசிக்கும் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம்.

பொரித் தட்டுக்கு ஒரே விடை எழுதி ஒட்டிவிட முடியாது. சில போதகர்கள் கண்டிப்பாக வேண்டாம் என்கிறார்கள். சிலர், அது நட்பின் அடையாளம், வாங்கிக்கொள் என்கிறார்கள். இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது. தட்டை நீட்டுகிற சக தொழிலாளி, 'சாமிக்குப் படைத்தது' என்று அழுத்திச் சொல்லியும் கொடுக்கலாம், 'சாப்பிடுங்கண்ணே' என்று சாதாரணமாகவும் நீட்டலாம். பவுலுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். கும்பிட்டு ஆரத்தி ஒற்றிக்கொள்வது ஒன்று, பொரி தின்பது வேறொன்று என்று வாழ்கிறவர்கள் நிறைய. கிறிஸ்துமஸ் கேக்கை அதே தட்டு நீட்டிய கைகள் டிசம்பரில் தயங்காமல் வாங்குகின்றன என்பதும் அவர்கள் மனதில் இருக்கும்.

அந்த லேத் தொழிலாளி சபை மூப்பரைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. மூப்பர் ஒரு பிடி பொரியில் தடுமாறி விழுகிறவர் அல்ல. அடுத்த மெஷினில் ஒரு பையன் இருக்கலாம். சமீபத்தில்தான் ஞானஸ்நானம் எடுத்தவன், வீட்டில் அதற்காகப் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பவன், பொரியின் ருசியோடு பழைய பயம் ஏதாவது இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவன். தட்டு தன்னிடம் வருவதற்குள் மூத்தவர் கை நீள்கிறதா என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.