சாவி நம் கையில் இருக்கட்டும்!



நம் டிப்ளமோ பசங்களுக்குள்ளே ஓர் எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. "சூப்பர் கம்ப்யூட்டர், ஆராய்ச்சி இதெல்லாம் பெரிய காலேஜ் ஆளுங்களுக்கு. நமக்கு லேப்ல இருக்கிற பழைய பெட்டியே போதும்" என்பதுதான் அது. அதிலும் நான் கொட்டச்சேட்டுக்காரன். சேர்வராயன் மலையில் காபிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே வளர்ந்தவன். "மலை மேல இருக்கிற உனக்கு எதுக்குடா சூப்பர் கம்ப்யூட்டர்?" என்று கேலி பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம். அப்படிப்பட்ட இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் கணக்குப் போடுவதில்லை. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ தொடங்கி வைக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் வந்த இயந்திரம் அது. வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். நம்ம கணக்கில் சொன்னால் விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்! சேர்வராயனைக் கும்பிட மலை ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தப் பரம் பொருளைத் தேடி யாரும் நேரில் போக வேண்டியதில்லை.

அனுமதி பெற்ற ஆய்வாளர் தன் மேஜையில் இருந்தபடியே நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைகிறார். வாசல் போல ‘லாகின் நோடு’ என்று ஒரு கணினி இருக்கும். அங்கே வேலையை எழுதி வரிசையில் விட வேண்டும். ‘ஸ்லர்ம்’ போன்ற மென்பொருள், முறை வரும்போது அதை உள்ளே உள்ள கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். வரிசையில் விட்ட பிறகு நம்ம பக்கம் கரண்ட் போனாலும் சரி, மழையில் டவர் போனாலும் சரி, அங்கே வேலை நிற்காது. ஆக, தூரம் ஒரு தடையே இல்லை. பாதுகாப்பாக உள்ளே போய் வரத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

முன்பெல்லாம் டெல்நெட், எஃப்.டி.பி. என்ற வழிகளில் போனார்கள். அவை தபால் கார்டு மாதிரி. பெயரும் பாஸ்வேர்டும் திறந்தபடியே போகும். வழியில் இருக்கிறவன் எவனும் படிக்கலாம். பின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படித்தான் பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அதைப் பார்த்து அங்கிருந்த டாட்டு இலோனன் 1995இல் எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். இது ஒட்டி முத்திரை வைத்த கவர் மாதிரி. போவதும் வருவதும் மறைகுறியில்தான். ஃபைல் அனுப்ப எஸ்.சி.பி., எஸ்.எஃப்.டி.பி., ஆர்சின்க் எல்லாம் இதே பாதையில் ஓடுகின்றன. பெரிய ஃபைல் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர ஆர்சின்க்கில் வசதி இருக்கிறது. சிக்னல் வந்து வந்து போகும் எங்க ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதில் பாஸ்வேர்டுக்குப் பதில் இரட்டைச் சாவி வைத்துக்கொள்ளலாம். ஒன்று பொதுச் சாவி. அதை அந்தக் கணினியில் வைக்கலாம், யார் பார்த்தாலும் நஷ்டமில்லை. மற்றது ரகசியச் சாவி. அது நம் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. அதற்கும் ஒரு ரகசியச் சொல் போட்டுப் பூட்ட வேண்டும்.

பூட்டு நல்ல பூட்டுத்தான். சாவி வைத்திருக்கிறவன் எப்படி? 2020 மே மாதம் ஐரோப்பாவில் என்ன நடந்தது தெரியுமா? எடின்பரோவில் அப்போது இயங்கிய ‘ஆர்ச்சர்’ சூப்பர் கம்ப்யூட்டரை மே 11 அன்று பயனாளர்களுக்கு மூட வேண்டி வந்தது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பல மையங்கள் அடுத்தடுத்து மூடின. யாரும் எஸ்.எஸ்.எச்.சை உடைக்கவில்லை. பயனாளர்களிடம் திருடிய பாஸ்வேர்டையும் சாவியையும் வைத்துக்கொண்டு ராஜபாட்டையில் உள்ளே வந்துவிட்டார்கள்! சில பேரின் சாவி போனதற்கு, கொரோனா ஆராய்ச்சி நடந்த அந்த நேரத்தில் எத்தனையோ பேரின் வேலை நின்றது.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். வகுப்பு முழுக்க ஒரே பாஸ்வேர்டு. அது ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில். "மச்சி, உன் லாகின் கொடு, அஞ்சே நிமிஷம்" என்று கேட்டால் மறுக்க மனசு வருவதில்லை. கொடுக்காதவன் கஞ்சன் என்று பெயர் வாங்குகிறான். தோழர்களே, சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுவோம், புத்தகத்தைப் பகிர்ந்து படிப்போம். சாவியைப் பகிர்வது நட்பு இல்லை. நாளைக்கு அந்தக் கணக்கில் ஒரு தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவன் கணக்குக்குச் சொந்தக்காரன்தான். ‘டிப்ளமோ பசங்களை உள்ளே விட்டா இப்படித்தான்’ என்று நம் எல்லோருக்கும் சேர்த்துக் கதவு சாத்துவார்கள்.

"நமக்கு யாருடா பரம் பொருளில் கணக்குத் தரப்போறான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் படித்து முடித்துப் போகும் இடத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவனும் இதே வழியில்தான் உள்ளே போகிறான். கற்றுக்கொள்ளச் செலவும் இல்லை. ஓப்பன் எஸ்.எஸ்.எச். 1999 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் போட்ட இரண்டு பழைய கணினியும் ஒரு கேபிளும் இருந்தால் நம் லேபிலேயே பழகலாம்.

ஆகவே நம் மாணவர் மன்றம் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: லேபில் ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் தனிக் கணக்கு.

இரண்டு: இரண்டாம் ஆண்டிலேயே சாவி உண்டாக்கி நுழையும் பயிற்சி. முதல் தடவை இணையும்போது ‘இந்தக் கணினியின் கைரேகை இது, தொடரலாமா?’ என்று திரையில் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு ‘எஸ்’ அடிக்கிறோமே, அதை மையம் கொடுத்த கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். எதிரே இருப்பது நிஜக் கணினியா, போலியா என்று காட்டுவது அதுதான்.

மூன்று: ஃபைல் அனுப்பிய பிறகு ‘ஷா 256’ எண்ணை இரு பக்கமும் சரிபார்க்கும் வழக்கம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

மலையில் பிறந்தவனா, மாநகரில் பிறந்தவனா என்று எந்தக் கணினியும் கேட்பதில்லை. சாவி சரியா என்று மட்டுமே கேட்கிறது. அந்தச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. வாருங்கள், பழகுவோம்!