விலங்கு வேடமும் விளையாட்டுக் கூடமும்



கோவளம் தமீமுல் அன்சாரி தர்காவைக் கடந்து நெம்மேலி, மாமல்லபுரம் என நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாள்களில் நம் குடும்பங்களையும் காணலாம். கடலுக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகள் கேட்பது, கானத்தூர் மாயாஜால் போன்ற வளாகங்களின் வீடியோ கேம் கூடங்களைத்தான். இப்போது வேடமணிந்து கூடும் ஆசையும் சேர்ந்துள்ளது. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் நடந்த காமிக் கானுக்குக் கதைமாந்தர் வேடத்தில் இளைஞர் பலர் வந்தனர். மேலைநாடுகளில் ‘ஃபர்ரி’ எனப்படுவோர் நரி, ஓநாய், பூனை போன்ற விலங்குப் பாத்திரங்களை விரும்புவோர். சிலர் உரோம உடையும் அணிவர். பிட்ஸ்பர்க் நகரில் 2006 முதல் நடைபெறும் ஆந்த்ரோகான் அவர்களது பெரிய மாநாடு. சிறு குழுக்களோ பின்பால் கூடங்களில் சந்திக்கின்றன. இணையத்தில் இதைக் கண்ட பிள்ளை, “நானும் இப்படிப் போகலாமா?” என்று கேட்டால் என்ன சொல்வது?

அதட்டல் பதிலாகாது. விலங்கு வேடம் நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. தென்னிந்திய முஸ்லிம்களின் வழக்கங்களை விவரித்து 1832இல் ஆங்கிலத்தில் வெளியான ஜாஃபர் ஷரீஃபின் ‘கானூனே இஸ்லாம்’, முஹர்ரம் நாள்களில் புலிவேடமிட்டோரைப் பற்றிப் பேசுகிறது. வணக்கத்திற்குரிய நாள்களைக் கேளிக்கையாக்குவதை ஆலிம்கள் கண்டித்தனர். விலங்குகளைப் போல நடந்துகொள்வதை இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்களும் வெறுத்துள்ளனர். இந்தக் காரணங்களைப் பிள்ளைக்கு எடுத்துரைக்க வேண்டும்.

அதே வேளையில், மார்க்கம் விளையாட்டின் பகையன்று. ஆயிஷா (ரலி) அவர்களிடம் இறக்கை வைத்த பொம்மைக் குதிரை இருந்ததையும், அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரலி) கண்டுகளிக்க நபியவர்களே உதவினார்கள்.

ஆகவே, முகமூடியைவிட முக்கியமான கேள்விகள் உள்ளன. முதலாவது, சூது. நியூயார்க் நகரம் 1942இல் பின்பாலைச் சூதாட்டமெனத் தடைசெய்தது. பந்தைத் தட்டித் திருப்பும் கைகள் 1947இல்தான் வந்தன. அதற்கு முன் எல்லாம் பெரும்பாலும் தற்செயலே. ஆட்டம் திறமையைச் சார்ந்தது என்பதை ஒருவர் நகர மன்றத்தில் ஆடிக்காட்டிய பின், 1976இல் தடை நீங்கியது. திறமைக்கும் தற்செயலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மைசிர் பற்றிய மார்க்கச் சட்டமும் கவனிக்கிறது. காசு போட்டுப் பொம்மையைக் கவ்வி எடுக்கும் எந்திரத்தின் முன் நிற்கும் பிள்ளைக்கு அதை அங்கேயே விளக்கலாம்.

இரண்டாவது, தொழுகை. குளிரூட்டிய, சன்னலற்ற கூடத்தில் அஸரும் மஃரிபும் தெரியாமலேயே கடந்துவிடும். மூன்றாவது, துணை. ஃபர்ரி வட்டத்தின் இணையப் பக்கங்களில் வயதுவந்தோருக்கான படங்களும் கலந்துள்ளன. பிள்ளை அங்கே தனியே உலவக் கூடாது.

இவற்றைச் சீர்தூக்கி “வேண்டாம்” என்று மறுப்பதே பல வீடுகளுக்குப் பொருந்தும். ஆனால் மறுப்பு வேறு, ஏளனம் வேறு. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைக் கேலி செய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. வேடமணிந்தவரைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் சிரிக்கும் தந்தை, தாம் தடுத்த வேடத்தைவிடத் தெளிவான ஒரு தடையை மீறுகிறார். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உறுதியையும் கனிவையும் ஒருசேர அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.